மலைநாட்டு நீச்சல்காரர்கள் – 9: அணை திறந்த ஆகஸ்ட்

2018 ஆகஸ்ட் 9, நண்பகல். இடுக்கி நீர்த்தேக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே 555 அடி உயரத்தில் வளைந்து நிற்கும் இடுக்கி அணையில் மதகே கிடையாது. மிஞ்சும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் செருதோணி அணை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த மதகுகள் அதற்கு முன் 1981இல் திறந்தன, 1992இல் திறந்தன. பிறகு 26 வருடம் மூடியே கிடந்தன. அதனால் கீழே வெள்ளம் ஓட வேண்டிய தடத்தில் கடை வந்தது, பஸ் நிலையம் வந்தது. செருதோணியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மதகு திறப்பு என்பது பெரியவர்கள் சொன்ன கதை மட்டுமே.

பன்னிரண்டரை மணிக்கு, ஐந்து மதகுகளில் நடுவில் இருப்பதை மட்டும் 50 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். சோதனைக்காக, சில மணி நேரத்துக்கு என்றுதான் அறிவிப்பு. அந்த மதகை மூட முடியவில்லை. மலையில் மழை நிற்கவில்லை. மறுநாள் ஐந்து மதகுகளும் திறந்தன. ஒரு வாரத்துக்குள் பஸ் நிலையம் உருக்குலைந்தது, பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது, மலைச்சரிவுகள் பிய்ந்து விழுந்து சாலைகள் துண்டாயின. மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. கேரளம் முழுக்க 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளம் அது.

செருதோணிக்குப் பக்கத்தில் மணியாறன்குடி. அங்கே ஒரு வீட்டில் ஒரு பாட்டி, மாமா, அவர் குடும்பம். போன் போட்டால் மணி அடிக்கவில்லை. ஆள் அனுப்பலாம் என்றால் சாலை இல்லை.

அந்தப் பாட்டியின் பேரன் அப்போது ஜகார்த்தாவில் இருந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆகஸ்ட் 19ஆம் தேதி 200 மீட்டர் பட்டர்ஃபிளை. பெயர் சஜன் பிரகாஷ்.

அவர் நீரில் குதித்தாரா? குதிக்க மனம் வந்ததா? அதைச் சொல்வதற்கு முன், ஓட்டக்காரர்களின் மண்ணில் ஒரு நீச்சல்காரர் எப்படி முளைத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

*

ஆம், இது ஓட்டக்காரர்களின் மண். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை போன ஷைனி ஆபிரகாம் தொடுபுழாவில் பிறந்தவர். கொம்பொடிஞ்ஞாலின் பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் வென்றார். அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் அவர் தம்பி பினு வெள்ளி வென்றார். 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கிய பிரீஜா ஸ்ரீதரன் ராஜாக்காட்டுப் பக்கம். வடக்கே பாலக்காட்டுக்குப் போனால் முண்டூர் பி.யு. சித்ரா, 2017 ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம். ஒரு மேட்டுச் சாலை, ஒரு பள்ளிக்கூடம், விடாப்பிடியான ஒரு பி.டி. மாஸ்டர். ஓட்டத்துக்கு இவ்வளவு போதும், இவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நீச்சலுக்குப் போதாது. இந்தப் பகுதியில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. இடுக்கி மாவட்டத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட அணைகள். பாலக்காட்டில் மலம்புழா இருக்கிறது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தபோது, 1955இல், முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்த அணை. அத்தனை நீரும் வயலுக்கும் மின்சாரத்துக்கும். அணை நீரில் கரையும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. ஆழம் அடிக்கு அடி மாறும், குளிர் எலும்பைப் பிடிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்றுதான் இங்கே வளர்ப்பார்கள். அது சரியான வளர்ப்பும்கூட.

கொல்கத்தாவைப் பாருங்கள். அங்கே நகரின் நடுவிலிருந்த குளங்களைச் சுற்றியே சங்கங்கள் எழுந்தன. காலேஜ் ஸ்கொயர் குளம், ஹேதுவா குளம் என்று ஒவ்வொரு கரையிலும் ஒரு நீச்சல் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வாட்டர் போலோ அணி. அணிக்கு ஏழு பேர். கால் தரையில் படக்கூடாது. அதனால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் வேண்டும், இரண்டு பக்கமும் கோல் கட்ட இடம் வேண்டும். ஒரு கையால் பந்தை வாங்கி, மற்ற மூன்று உறுப்புகளாலும் தன்னை மிதக்க வைத்துக்கொண்டு, எதிராளியின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு எறிய வேண்டும். ஒரு பையன் தனியாக ஆற்றில் இறங்கி நீந்தக் கற்றுக்கொண்டுவிடலாம். வாட்டர் போலோவைத் தனியாகக் கற்க வழியே இல்லை. தினமும் மாலையில் பதினான்கு பேர் ஒரே குளத்துக்கு வர வேண்டும். சங்கம் இருந்தால்தான் அந்த ஆட்டம் உண்டு.

காசியில் பிறந்து கொல்கத்தாவுக்கு வந்த சச்சின் நாக் அந்தச் சங்கங்களின் பிள்ளை. 1948 லண்டன் ஒலிம்பிக் வாட்டர் போலோவில் சிலியை இந்தியா 7–4 என்று வென்றபோது அவர் அடித்தது நான்கு கோல். 1951 தில்லியில், முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம். ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் தங்கப் பதக்கம் அதுதான். வாட்டர் போலோவிலும் அந்த முறை இந்தியாவுக்கே தங்கம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம் கிடைக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சியோலில் கஜான் சிங், 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெள்ளி.

இதே 200 மீட்டர் பட்டர்ஃபிளை. இந்தப் பந்தயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

மணியாறன்குடிக் குடும்பத்தில் முதலில் விளையாட வந்தவர் சஜனின் அம்மா சாந்திமோள். அவரும் ஓட்டக்காரர்தான். மலைநாட்டின் வழக்கப்படி கால்களை நம்பி வெளியே வந்தவர். விளையாட்டு அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. வேலை கிடைத்த இடம் தமிழ்நாடு, நெய்வேலி.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய மண் வந்தது. அதிலிருந்து தொடங்கி, 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனமாகி, பிளாக் பிளாக்காக நகரியம் எழுந்தது. பள்ளி, ஆஸ்பத்திரி, மைதானம், அவற்றோடு ஒரு நீச்சல் குளம். ஊழியரின் பிள்ளைகள் உள்ளே போகலாம். இடுக்கியில் பிறந்த சஜன் 1990களின் கடைசியில் வளர்ந்தது இந்த நகரியத்தில். அப்பா உடன் இல்லாத வீடு. வேலைக்கும் போய்க்கொண்டு, மகனைக் குளத்துக்கும் கொண்டுபோய்விட்டு, திரும்பக் கூட்டிவரும் பொறுப்பு ஒரே ஆள் மேல். வெயில் காய்ந்த கடலூர் மாவட்டத்தில், சுரங்கத்தின் பக்கத்தில், மலையாளியான ஒரு தாய் மகனை நீச்சல்காரனாக்கினார். அணைகள் நிறைந்த சொந்த மாவட்டம் கொடுக்க முடியாததை, ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் குளம் கொடுத்தது. கரையில் யார் கைக்கடிகாரத்தோடு நிற்கிறார்கள் என்பதே நீச்சலில் தலையெழுத்து என்று நான் நம்புகிறேன். சாந்திமோள் நின்றார்.

பிறகு பெங்களூரு. பசவனகுடி நீச்சல் மையத்தில் பயிற்சியாளர் பிரதீப் குமார். தங்குவதும் நீந்துவதும் கர்நாடகத்தில், வளர்ந்தது தமிழ்நாட்டில், போட்டியில் நிற்பது கேரளத்துக்காக. 2015 தேசிய விளையாட்டுப் போட்டி கேரளத்தில் நடந்தது. திருவனந்தபுரத்துக்கு அருகே பிரப்பன்கோடு குளத்தில் சஜன் 6 தங்கம், 3 வெள்ளி வென்றார். அந்தப் போட்டிகளின் சிறந்த வீரரும் அவரே. அடுத்த வருடம் ரியோ ஒலிம்பிக். ஆனால் அது தகுதி நேரத்தை எட்டி வாங்கிய இடமல்ல. 'ஏ' தகுதியை எவரும் எட்டாத நாடுகளுக்குத் தரப்படும் பொது ஒதுக்கீட்டு இடம். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 28ஆம் இடம். அதுவரை எந்த இந்திய நீச்சல்காரரும் அந்த 'ஏ' நேரத்தை எட்டியதில்லை.

*

இனி ஜகார்த்தா.

மகனின் கவனம் போட்டிக்கு முன் சிதறிவிடக்கூடாது என்பது நெய்வேலியில் இருந்த தாயின் கவலை. ஆனால் கேரள வெள்ளம் அப்போது உலகமெங்கும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. மறைக்கக்கூடிய செய்தியா அது? பாட்டி வீட்டாரோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று சஜனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதற்குத்தான் பதில் இல்லை.

ஆகஸ்ட் 19 காலை. தகுதிச் சுற்று: 1 நிமிடம் 58.06 நொடி. இறுதிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டார். ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் ஓர் இந்தியர் நிற்பது கஜான் சிங்குக்குப் பிறகு 32 வருடம் கழித்து அன்றுதான்.

பட்டர்ஃபிளையின் கொடுமையைச் சொல்ல வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் நீரை விட்டு மேலே வர வேண்டும், இரண்டு காலும் சேர்ந்தே உதைக்க வேண்டும், திரும்பும்போது இரண்டு உள்ளங்கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை சோர்ந்தால் இன்னொரு கையை வைத்துச் சமாளிக்கும் வசதி இதில் இல்லை. 50 மீட்டர் குளத்தில் நான்கு நீளம். முதல் இரண்டை இளமை தாண்டவைக்கும். மூன்றாவதில் தோள் எரியும், இடுப்பு கீழே இறங்கும், தலை தூக்கும்போது வாய்க்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் வரும். நான்காவதை மனம்தான் நீந்த வேண்டும். அந்த மாலையில் சஜனின் மனம் எந்த ஊரில் இருந்திருக்கும்!

ஜப்பானின் தைய செத்தோ தங்கத்தைத் தொட்டார். ஐந்தாவதாகச் சுவரைத் தொட்ட கைகள் சஜனுடையவை. 1 நிமிடம் 57.75 நொடி. தேசியச் சாதனை.

பதக்கம் இல்லை. ஆனால் இந்தத் தொடரில் இதுவரை எழுதிய பந்தயங்களில் என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் ஒருவர் அதுவரையிலான தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தை நீந்தினார்.

குடும்பத்தினர் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற தகவல் பின்னால் வந்து சேர்ந்தது.

*

கதை அங்கே சுபமாக முடியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான 'ஏ' தகுதி நேரம் 1:56.48. ஜகார்த்தாவில் நீந்தியதைவிட ஒன்றே கால் நொடிக்கு மேல் குறைக்க வேண்டும். அதற்காக உலக நீச்சல் கூட்டமைப்பின் உதவித்தொகையில் தாய்லாந்தின் புக்கெட்டில் பயிற்சி. அங்கே இருக்கும்போதுதான் கொரோனா வந்தது. குளங்களைப் பூட்டினார்கள். ஊர் திரும்ப விமானம் இல்லை. கழுத்து எலும்பின் தட்டு விலகி, வலி தோள் வழியே கைக்கு இறங்கியது. பட்டர்ஃபிளைக்காரருக்குத் தோள் போனால் எதுவும் மிச்சமில்லை.

2020 ஆகஸ்டில் துபாய் போய், பழைய ஆசான் பிரதீப் குமாரிடமே மறுபடி சேர்ந்தார். முதலில் வலியைக் குறைக்கும் சிகிச்சை, பிறகு மெதுவாக நீர். போட்டிக்குத் திரும்பியபோது தகுதிக்காலத்தில் சில மாதங்களே பாக்கி. 2021 ஜூனில் பெல்கிரேடில் தங்கம் வென்றார். நேரம் 1:56.96. சொந்தச் சாதனையை முறியடித்தும் டோக்கியோவின் கதவு திறக்கவில்லை. 0.48 நொடி மீதி.

தகுதிக்காலம் ஜூன் 27ஆம் தேதியோடு முடிகிறது. ரோம் நகரில் செத்தே கொல்லி கோப்பைப் போட்டி. ஜூன் 26, சனிக்கிழமை, 200 மீட்டர் பட்டர்ஃபிளை. இந்திய நீச்சல் வரலாற்றில் எவரும் தொடாத அந்த நேரத்தைத் தொட, மணியாறன்குடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு நான்கு நீளம் இருந்தது.

தொட்டாரா? அடுத்த வாரம்.

(தொடரும்)