கொம்பு இடம் மாறிய கதை

மறைமலை அடிகள் 1911-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். பின்னர் அங்கேயே ஓர் அச்சகம் வைத்துத் தம் நூல்களை அச்சிட்டார். அந்தக் காலத்து ஈய எழுத்து அச்சில் ‘கொ’ என்பது ஒரே அச்சு அன்று. கொம்பு, ‘க’, துணைக்கால் என்று மூன்று துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கோக்க வேண்டும். வாய் ‘க்’ என்று தொடங்கும். கை கொம்பைத்தான் முதலில் எடுக்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த இரா. முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியும் இந்த வரிசையையே ஏற்றது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தட்டச்சுப் பயிலகங்களில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வுக்குப் பழகியவர்களின் விரல்களில் அது ஊறிப்போனது. 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ‘ணா’, ‘லை’ போன்றவற்றின் வடிவத்தை எளிதாக்கியது. கொம்பை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது.

கணினி வந்தபோது எழுத்துருக்களும் இதே வழியில் சென்றன. ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தினார்கள். பாமினி எழுத்துருவில் ‘வெள்ளம்’ என்ற சொல் கணினிக்குள் என், டி, எஸ், அரைப்புள்ளி, எஸ், கே, அரைப்புள்ளி என்றுதான் இருக்கிறது. முதலில் வரும் ‘என்’தான் கொம்பு. வேர்டு இதை ஆங்கிலம் என்றே நம்பும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கித் தமிழைக் கெடுக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற இரு குறியீடுகளை முன்வைத்தது. ஆனால் 1991-லேயே வெளிவந்திருந்த யூனிகோடு ஒலி வரிசையைப் பின்பற்றியது: முதலில் ‘க’, பிறகு கொம்பு. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. பழைய கோப்புகளை மாற்றும் வேலை அப்படித்தான் குவிந்தது.

அந்த வேலைக்குக் கை கொடுத்தது வேர்டுக்குள் ஓடும் சிறு நிரலான மேக்ரோ. 1997-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதை விஷுவல் பேசிக்கில் எழுத முடிந்தது. தமிழில் எழுதப் போனவருக்கு முதல் அடியிலேயே சறுக்கல்: நிரல் எழுதும் சாளரத்தில் ‘க’ என்று ஒட்டினால் கேள்விக்குறி விழும். அந்தச் சாளரத்துக்கு யூனிகோடு தெரியாது. எழுத்துக்குப் பதில் எண்ணைத் தர வேண்டும்: ‘க’வுக்கு 2965, ஒற்றைக் கொம்புக்கு 3014. எழுத்துருவைப் பார்க்காமல் மொத்தக் கோப்பையும் மாற்றினால், நடுவில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழாகிப் பிதற்றும். கோப்பின் உடலை மட்டும் தேடச் சொன்னால் தலைப்பகுதி, அடிக்குறிப்பு, உரைப்பெட்டி எல்லாம் பழைய எழுத்திலேயே நிற்கும். இவை எதற்கும் பிழைச் செய்தி வராது என்பதுதான் தொல்லை.

மேக்ரோவில் எழுதும் மாற்று விதிகளின் வரிசை தவறினால் வரும் கோளாறு இன்னும் நுட்பமானது. ‘கெ’யை முதலில் மாற்றிவிட்டால், ‘கொ’வின் துணைக்கால் தனியே தொங்கும். திரையில் அதுவும் ‘கொ’வாகவே தெரியும். ஆனால் கணினிக்கு அது வேறு எண் வரிசை. மேக்ரோவில் ஒப்பிட்டால் பொருந்தாது. ஆகவே மூன்று துண்டு எழுத்துகளை முடித்த பிறகே இரண்டு துண்டுக்கு வர வேண்டும்.

அப்படிச் செய்யும்போதுதான் ‘ஔ’ வரிசை குறுக்கிடும். பாமினியில் ‘கௌ’வின் பின்பாதியும் ‘ள’வும் ஒரே விசை. கண்மூடித்தனமான மேக்ரோ ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ ஆக்கிவிடும். ‘ள’வை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று ஒரு விதி சேர்த்தால் ‘வெள்ளம்’ பிழைக்கும், ‘கௌதாரி’யும் சரியாக வரும். ஆனால் கதையில் ஒருவர் ‘கெளம்பு’ என்று சொன்னால் அது ‘கௌம்பு’ ஆகிவிடும். ‘கௌ’வையும் ‘கெள’வையும் பிரித்தறிய எண் வரிசையில் எந்தத் தடயமும் இல்லை. சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கோப்பை மாற்றி முடித்தவர் ‘ஔ’ வரிசை எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.