வன்தட்டின் முதுமை

பொறிகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அவற்றின் பிறப்பையே கூறுவர். முதுமையைக் கூறுவார் அரியர். கணிப்பொறியின் நினைவைத் தாங்கும் வன்தட்டைப் பற்றிப் பேசப் புகும் நான் இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

1952ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் சிறியதோர் ஆய்வுக்கூடத்தைத் திறந்தது. அதன் தலைவர் ரெனால்ட் ஜான்சன், முன்னர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாணிகக் கணக்குகள் துளையிட்ட அட்டைகளில் உறங்கிய காலம் அது. ஒரு கணக்கை எடுக்க அடுக்கு முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இத்தொல்லையைப் போக்கவே 1956இல் ராமாக் என்னும் பொறி வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அவற்றில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்குப் போதுமோ போதாதோ!

காந்தப் பூச்சைத் தட்டின்மேல் சமமாகப் பரப்புவது எவ்வாறு? மகளிர் காலுறையில் பூச்சை வடிகட்டி, காகிதக் கோப்பையில் அளந்து, சுழலும் தட்டின் நடுப்பகுதியில் ஊற்றினர். சுழற்சியே அதனை விளிம்புவரை பரப்பிற்று. பெரிய கண்டுபிடிப்புகளுக்குள் இத்தகைய அடுக்களை உத்திகள் நாம் எண்ணுவதைவிட மிகுதி.

பின்னர்த் தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருகிற்று. 1986இல் ஸ்கஸி என்னும் இணைப்பு முறை தரப்படுத்தப்பட்டது. 50 ஊசிகள் கொண்ட இணைப்பு பிறகு 68 ஆயிற்று, 80உம் ஆயிற்று. இத்தட்டுகளை நம்பிப் பல நிறுவனங்கள் தம் கணக்குகளைச் சர்வர்களில் ஏற்றின. 2000க்குப் பின் சாஸ் என்னும் புது இணைப்பு வந்து பழையதை ஒதுக்கியது. ஆனால் சம்பளப் பட்டியல் போடும் பழைய நிரல் சரியாகவே ஓடுகிறது. தேய்வது தட்டு ஒன்றுதான். அது நின்றால் அனைத்தும் நிற்கும்.

மாற்றுத் தட்டு வாங்கிப் பொருத்தினால் தீருமா? 1988இல் வந்த ஏ.எஸ்./400 பொறியைப் பாருங்கள். பிற பொறிகளின் தட்டில் ஒரு பகுதிக்கு 512 பைட்டுகள், இதிலோ 520. கூடுதலான எட்டும் அப்பொறியின் தனிக் குறிப்புகளுக்கு உரியவை. ஆகவே அளவும் இணைப்பும் ஒத்த தட்டாயினும், மீண்டும் வடிவமைத்தாலன்றி அப்பொறி அதனை ஏற்காது. ஓய்வுபெற்ற பொறிகளிலிருந்து கழற்றிய தட்டுகளைச் சேர்த்து வைப்போரும் உளர். அவற்றையும் வாளா வைத்திருத்தல் தகாது. பழைய தட்டுகள் சிலவற்றில், நெடுநாள் அசையாதிருந்தால் படிக்கும் முனை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது சுழற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. இக்காலத்தில் ஸ்கஸி தட்டைப் போலவே விடை சொல்லும் நினைவு அட்டைக் கருவிகளும் கிடைக்கின்றன.

ராமாக் ஒன்றையும் இந்நூற்றாண்டில் ஆர்வலர் சிலர் கலிபோர்னியாவில் செப்பனிட்டு மீண்டும் சுழல வைத்தனர். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட செய்திகள் அதன் தட்டுகளில் இன்னும் படிக்கத்தக்கனவாய் இருந்தன. அவற்றைப் படிக்கும் மின்சுற்றுகளைத்தாம் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.