பேய்மழையும் பெனுவும்

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்து மஞ்சூர்க்காரர்களுக்கு மழை புதிதல்ல. குந்தா மலைகளில் ஆடிச்சாரல் நின்றால்தான் செய்தி. ஆனாலும் அன்று பெய்ததை வெறும் மழை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதற்கென்றே தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பேய்மழை.

மழைக்கு முன்னால் பேய் ஏன் வந்து நிற்கிறது? மிகுதி என்று சொல்லிவிடலாம். பேய்க்காற்று, பேய்ப்பசி, பேயாட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் செடிகொடிகளிடம் போனால் கணக்கு மாறிவிடுகிறது. பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை, பேய்ப்புடல் எல்லாம் பார்க்கக் கறிக்கு ஆகும் காய் போலவே இருக்கும். வாயில் வைத்தால் கசக்கும். பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பும் இந்தச் சாதிதான். திருவொற்றியூரில் அது இனித்தது என்பதால்தான் கதையே பிறந்தது. கானல்நீருக்குப் பழைய பெயர் பேய்த்தேர். தண்ணீர் போலத் தெரியும், தண்ணீர் இராது. இங்கே பேய் என்பது மிகுதி அல்ல, போலி.

இரண்டுக்கும் அடியில் அச்சம் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் 'பேம்' என்ற சொல்லுக்கு அச்சம் என்றே பொருள் சொல்கிறது. அச்சத்திலிருந்து பிறந்த சொல்லை அச்சமில்லாமல் சூடிக்கொண்டவர்களும் உண்டு. புறநானூற்றில் ஒரு புலவரின் பெயர் பேய்மகள் இளவெயினி. மயிலாப்பூரில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஆழ்வார் பேயாழ்வார். பக்தி முற்றிப் பித்தானவர் என்பது அவர் பெயருக்கு வைணவர் தரும் விளக்கம். காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போனார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடிய பதிகங்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே முத்திரை வைத்தார். இவர்கள் மூவரும் பாடியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் பேய் முதலிலிருந்தே பாட்டோடு ஒட்டிய ஒன்று.

அந்தப் பேய்களுக்கு ஒரு முழுக் காவியமே கிடைத்தது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடவந்த செயங்கொண்டார், கதை சொல்லும் பொறுப்பை மனிதரிடம் கொடுக்கவில்லை. கலிங்கத்துப்பரணியில் போரைக் காளிக்கு விவரிப்பது ஒரு பேய்தான். அதற்கு முன்பே 'பேய்களைப் பாடியது' என்று ஒரு பகுதி. பின்னால், பசி தாங்காத பேய்கள் காளியிடம் மனுக் கொடுப்பது போல நிற்கும் 'பேய் முறைப்பாடு'.

இரண்டுக்கும் நடுவில் வரும் 'இந்திரசாலம்' என்ற பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். இமயத்துக்குப் போய் மாயவித்தை கற்றுவந்த முதுபேய் ஒன்று காளி முன்னால் வித்தை காட்டுகிறது. வெட்டுண்ட யானைத் துதிக்கைகள், பிணக்குவியல், குருதியாறு எல்லாம் கண்ணெதிரே தோன்றுகின்றன. பட்டினி கிடந்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. பேயே பேய்த்தேரில் ஏமாறும் இடம் இது. கடைசியில் உண்மையான களம் கிடைத்ததும் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, குளித்து, கூழ் சமைக்கின்றன. உரலில் குற்றும்போது நம் ஊர்ப் பெண்கள் நெல் குற்றுகையில் பாடிய வள்ளைப்பாட்டைப் பாடுகின்றன. பாட்டுடைத் தலைவன் குலோத்துங்கன்தான். பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று சாதி சமயம் பார்த்துப் பரிமாறுகின்றன. செயங்கொண்டார் அரக்கரைப் பாடவில்லை, கோரமான வேடம் போட்டு அண்டை வீட்டாரைப் பாடியிருக்கிறார்.

ஜப்பானியர்களின் ஓனியை இங்கே பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். கொம்பு முளைத்த அரக்கன் அது. மறைந்திருத்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாக அவர்களுடைய 10ஆம் நூற்றாண்டு அகராதி ஒன்று சொல்கிறது. பீச் பழத்திலிருந்து பிறந்த மோமோதாரோ ஓனித் தீவுக்குப் படையெடுக்கும் நாட்டுக்கதையை, 1911இல் கல்வி அமைச்சகம் பள்ளிப் பாட்டாக்கியது. இன்றும் குழந்தைகள் பாடும் மெட்டு அது. 1945இல் அதே மோமோதாரோவைக் கடற்படை வீரனாக்கி முழுநீள அசைவூட்டப் படம் எடுத்தார்கள். அதில் ஓனியாக வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். பரணியும் அரசனுக்காகச் செய்த போர்ப்பாட்டுத்தான். ஆனால் அங்கே பகைவன் ஓனி. இங்கே பகைவன் பேய் ஆகவில்லை, பேய்க்குச் சோறானான். இந்த வேறுபாட்டுக்காகவே செயங்கொண்டாரை நான் ஒருபடி மேலே வைப்பேன்.

இனி நீலகிரிக்குத் திரும்பலாம். கனடாவில் பிறந்த மொழியியலாளர் மரே எமெனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, இந்த மலையில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார். தோடர் பாடல்களை மட்டும் ஆயிரம் பக்க அளவில் ஒரே நூலாக 1971இல் வெளியிட்டார். தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து 1961இல் அவர் கொண்டுவந்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் நம்முடைய பேய்க்கும் ஒரு பதிவு உண்டு. அதே பதிவில் கோண்டி மொழியின் 'பென்', குயி மொழியின் 'பெனு' ஆகியவையும் நிற்கின்றன. கோண்டியில் பென் என்றால் கடவுள். குயி பேசும் கந்தர்கள் பூமித்தாயைத் தாரி பெனு என்று வணங்குகிறார்கள்.

கந்தர்கள் வாழ்வது ஒடிசா மலைகளில். அதாவது கலிங்கத்தின் மலைப்பக்கம். செயங்கொண்டாரின் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடித்த நாட்டின் மேட்டில், அதே வேரிலிருந்து வந்த சொல்லால் கடவுளைக் கும்பிடும் மக்கள் இருக்கிறார்கள்!

சொல் எந்தப் பக்கம் சரிந்தது, கடவுள் பேயானதா, பேய் கடவுளானதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கு வேண்டாம். இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றுதான் என்று எண்ண மஞ்சூர்ப் பக்கமே இடம் இருக்கிறது. இங்குள்ள படுகர் ஊர்களில் மார்கழி, தை வாக்கில் கொண்டாடும் பெரிய திருவிழா ஹெத்தை ஹப்பா. ஹெத்தை என்றால் பாட்டி. வாழ்ந்து இறந்து தெய்வமான முன்னோள். படுகர் சாவுச் சடங்கில் இறந்தவரின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழிக்கும் 'கரு ஹரசு' என்ற பாட்டும் உண்டு. 1871இல் சார்லஸ் கோவர் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் படுகர் பாடல்களுக்குத் தனி இயலே இருக்கிறது. இறந்தவர் அந்தப் பக்கம் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும், அதற்கு உயிரோடிருப்பவர்கள் பாட வேண்டும். பாட்டி ஹெத்தை ஆவதற்கும் ஒருவர் பேயாய் அலைவதற்கும் நடுவில் இருப்பது அந்தப் பாட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமவெளித் தமிழரிடமும் இதே போக்கைப் பார்க்கலாம். கண்ணனுக்கு நஞ்சுப்பால் கொடுத்த பூதனையை ஆழ்வார்கள் பேய்ச்சி என்றார்கள். அந்தச் சொல்லின் சாயலை விடாத பேச்சியம்மன், தென்மாவட்டங்களில் பிள்ளைப்பேற்றுக்குக் காவல் தெய்வம். குழந்தையைக் கொல்ல வந்தவளின் பெயரே குழந்தையைக் காப்பவளுக்கும் பொருந்திவிட்டது. ஜப்பானிலும் ஓகா தீபகற்பத்தில் டிசம்பர் 31 இரவில் ஓனி முகமூடியோடு வீடு வீடாக வந்து பிள்ளைகளை மிரட்டும் நமஹாகெ, வருகை தரும் தெய்வமாகவே மதிக்கப்படுகிறது. 2018இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. மஞ்சூரில் பாதி கட்டிய கான்கிரீட் வீடுகளில் நாக்கைத் தொங்கவிட்டுத் தொங்கும் திருஷ்டி பொம்மையும் கெட்டதை விரட்டத்தான் இருக்கிறது.

நம் பள்ளி அகராதிகள் பேய்க்குத் 'தீய ஆவி' என்று பொருள் எழுதி முடித்துவிடுகின்றன. அது பாதிப் பொருள். 'உறவு மொழிகள் சிலவற்றில் கடவுள்' என்று அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.