வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம் போராட்டம் குறித்த கருத்து வேறுபாடுகள்

வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம் என்பது 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தொடங்கிய, பொருளாதார ஏற்றத்தாழ்வுக்கு எதிரான தெருப் போராட்டம் ஆகும். நகரின் நிதி நிறுவனங்கள் குவிந்துள்ள வால் ஸ்ட்ரீட்டுக்கு அருகில் அமைந்த சுக்கோட்டி பூங்காவில் போராட்டக்காரர்கள் கூடாரமிட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கினர். "நாங்களே 99 விழுக்காட்டினர்" என்பது இவர்களின் முழக்கம். இப்போராட்டத்திற்குத் தலைவரோ, அதிகாரப்பூர்வமான பேச்சாளரோ, கோரிக்கைப் பட்டியலோ இருக்கவில்லை. இவ்வியல்பே இதன் வலிமை என்று ஒரு சாராரும், இதுவே இதன் அழிவுக்குக் காரணம் என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். இக்கருத்து வேறுபாடு இயக்கத்தின் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இடையே மட்டும் நிலவியதன்று. ஆதரவாளர்களுக்கு உள்ளேயே அது கூர்மையாக வெளிப்பட்டது.

பின்னணி

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்ததைத் தொடர்ந்து உலக நிதி நெருக்கடி முற்றியது. நிதித்துறையைக் காப்பாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் வரையிலான மீட்புத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. வங்கிகள் மீண்டெழுந்தன, வேலையையும் வீட்டையும் இழந்தோர் பலர் மீளவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2011 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1979 முதல் 2007 வரையிலான காலத்தில் மிக உயர்ந்த வருமானமுடைய 1 விழுக்காட்டுக் குடும்பங்களின் வரிக்குப் பிந்தைய வருமானம் 275 விழுக்காடு உயர்ந்தது. மிகக் குறைந்த வருமானமுடைய 20 விழுக்காட்டினருக்கு இவ்வுயர்வு 18 விழுக்காடு மட்டுமே. போராட்டம் தொடங்கிய சில வாரங்களில் இவ்வறிக்கை வெளிவந்தமையால், முழக்கத்திற்கு அரசு அலுவலகமே புள்ளிவிவரம் அளித்ததுபோல் ஆயிற்று.

அழைப்பை விடுத்தது கனடாவின் வான்கூவரிலிருந்து வெளிவரும் ஆட்பஸ்டர்ஸ் என்ற இதழாகும். அதே ஆண்டு எகிப்தின் தகுரீர் சதுக்கத்திலும் எசுப்பானிய நகரச் சதுக்கங்களிலும் நிகழ்ந்த போராட்டங்கள் இதற்கு முன்மாதிரியாக அமைந்தன. தொடக்க அழைப்பு "நமது ஒரே கோரிக்கை எது?" என்ற கேள்வியை எழுப்பி, மக்கள் பிரதிநிதிகள் மீது பணம் செலுத்தும் செல்வாக்கை ஒழிப்பதற்கான ஆணையம் ஒன்றையும் விடையாக முன்வைத்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அதாவது, கோரிக்கையின்மை இவ்வியக்கத்தின் பிறவிக் குணம் அன்று. பூங்காவில் கூடியவர்களால் ஒரே கோரிக்கையில் உடன்பட இயலவில்லை; பின்னர் அது ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுக்கப்பட்டது.

தலைமையின்மை செயற்பட்ட முறை

தலைவர் இல்லை என்பதால் முறைமையே இல்லை எனக் கொள்வது பொதுவான தவறாகும். முடிவுகள் பொதுப்பேரவை எனப்பட்ட திறந்த கூட்டத்தில் எடுக்கப்பட்டன. அங்கு வந்த எவரும் பேசலாம். கைகளை உயர்த்தி விரல்களை அசைத்தால் உடன்பாடு. கீழ்நோக்கி அசைத்தால் உடன்பாடின்மை. நெஞ்சின் குறுக்கே கைகளை மடித்தால் முற்றான தடை. கருத்தொற்றுமை எட்டாதபோது பத்தில் ஒன்பது பங்கினரின் இசைவு தேவைப்பட்டது. உணவு, மருத்துவம், நூலகம், துப்புரவு ஆகியவற்றைத் தனித்தனிப் பணிக்குழுக்கள் கவனித்தன.

ஒலிபெருக்கிக்கு நகர நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதால் "மனித ஒலிவாங்கி" என்ற முறை கையாளப்பட்டது. பேசுபவர் சில சொற்களைக் கூறி நிறுத்துவார். அருகிலிருப்போர் அவற்றை ஒருமித்த குரலில் திரும்பக் கூறுவர். அது பின்வரிசைகளுக்குச் சென்று சேரும். தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் தம் வாயால் சொல்ல வேண்டியிருப்பதால் இது செவிமடுக்கும் பண்பை வளர்க்கிறது என்று ஆதரவாளர்கள் கூறினர். கூட்டமாகச் சேர்ந்து ஒப்பிக்கும் பழக்கம் சிந்தனையை மழுங்கடிக்கும் என்றும், சில சொற்களுக்கு மேல் நீளாத வாக்கியத்தில் நிதிச் சீர்திருத்தம் போன்ற சிக்கலான பொருளைப் பேச முடியாது என்றும் மற்றோர் கூறினர்.

இம்முறையின் இடர் மேளம் அடிப்போர் விவகாரத்தில் வெளிப்பட்டது. பூங்காவின் ஒரு பக்கத்தில் நாள் முழுவதும் மேளம் அடிக்கப்பட்டது. இயக்கத்தின்பால் பரிவு கொண்டிருந்த அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களே முறையிட்டனர். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடிக்கக்கூடாது என அப்பகுதிச் சமூக வாரியம் கேட்டுக்கொண்டது. பொதுப்பேரவை முடிவெடுத்தாலும் அதற்குக் கட்டுப்படாதவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. சிறிய செய்தியாகத் தோன்றினாலும், விமர்சகர்கள் இதனைத் திரும்பத் திரும்பச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு.

ஜான் லூயிஸ் நிகழ்வு

தலைமையின்மை பற்றிய விவாதத்தில் மிகுதியும் எடுத்துக்காட்டப்படுவது 2011 அக்டோபர் 7 அன்று அட்லாண்டா நகரில் நடந்ததாகும். அங்கு நடைபெற்ற கைப்பற்றுவோம் போராட்டத்தின் கூட்டத்திற்கு ஜான் லூயிஸ் ஆதரவு தெரிவிக்க வந்தார். இவர் 1963 வாசிங்டன் பேரணியில் உரையாற்றியவர். 1965 இல் செல்மா நகரில் குடியுரிமைப் போராட்ட ஊர்வலத்தில் காவலர்களால் மண்டை உடைக்கப்பட்டவர். அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். இவரைப் பேச அனுமதிக்கலாமா என்று கூட்டத்திடம் கேட்கப்பட்டது. பலர் இசைந்தனர். ஒருவர் எழுந்து, எந்த மனிதரும் பிற மனிதரைவிட உயர்ந்தவர் அல்லர், ஆகவே நிகழ்ச்சி நிரலை ஒருவருக்காக மாற்றலாகாது என்று தடுத்தார். கருத்தொற்றுமை ஏற்படவில்லை. வேறு பணி இருந்தமையால் லூயிஸ் பேசாமலே திரும்பினார்.

இக்காட்சியின் நிகழ்படம் பரவியபோது இருவேறு பொருள் கொள்ளப்பட்டது. சமத்துவத்திற்காக அடிபட்ட ஒருவரைச் சமத்துவத்தின் பெயரால் பேசவிடாமல் செய்த கூட்டம் யாரை ஒன்றுதிரட்டப் போகிறது எனப் பலர் வினவினர். கறுப்பின மக்களிடையே இது ஆழ்ந்த மனவருத்தத்தை உண்டாக்கியது. பதவியில் இருப்பவருக்கு வரிசை விலக்கு அளிக்காமையே இவ்வியக்கத்தின் நேர்மை என்பது எதிர்வாதம். லூயிஸ் தமக்கு வருத்தம் இல்லை என்றார். அவர் 1960களில் தலைமையேற்றிருந்த மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவும் கருத்தொற்றுமை வழியில் இயங்கியதே. ஆனால் அக்குழுவுக்கு உறுப்பினரும் பொறுப்பாளரும் இருந்தனர் என்ற வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

கோரிக்கை பற்றிய விவாதம்

செப்டம்பர் 29 அன்று பொதுப்பேரவை ஏற்றுக்கொண்ட சாற்றுரையில் குறைகளின் நீண்ட பட்டியல் இருந்தது. எந்தச் சட்டத்தை இயற்ற வேண்டும், எதனை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை இல்லை. இதனை ஆதரித்தவர்களுள் முதன்மையானவர் மானிடவியலாளர் டேவிட் கிரேபர் (இறப்பு: 2020). தொடக்கக் கூட்டங்களில் பங்கேற்ற இவர் அரசின்மைக் கொள்கையாளர். ஓர் அதிகார அமைப்பிடம் கோரிக்கை வைப்பது அவ்வமைப்பின் தகுதியை ஒப்புக்கொள்வதாகும் என்றும், தாம் விரும்பும் சமூகத்தைப் பூங்காவிலேயே வாழ்ந்து காட்டுவதே போராட்டம் என்றும் இவர் வாதிட்டார். நடைமுறை சார்ந்த மற்றொரு காரணமும் கூறப்பட்டது: கோரிக்கை இல்லையெனில் அரைகுறைச் சலுகை அளித்துக் கூட்டத்தைக் கலைக்க முடியாது, தலைவர் இல்லையெனில் விலைக்கு வாங்கவோ சிறையிடவோ ஆள் இல்லை.

எழுத்தாளர் நவோமி கிளைன் பூங்காவில் ஆற்றிய உரையில் இதனை வரவேற்றார். ஆயினும் வருகின்ற புயலைத் தாங்கும் கட்டமைப்புகளை உருவாக்கவேண்டும் என்றும் வலியுறுத்தினார். மெய்யியலாளர் சுலாவோய் சிசெக் போராட்டக்காரர்கள் தம்மீதே காதல் கொண்டுவிடக்கூடாது என எச்சரித்தார். கொண்டாட்டத்திற்குப் பிறகு அன்றாட வாழ்வில் என்ன மாறியிருக்கும் என்பதே அவரது கேள்வி.

இதழாளர் தாமசு பிராங்க் 2012 இல் எழுதிய கட்டுரை இடதுசாரித் தரப்பிலிருந்து வந்த கடும் விமர்சனமாகும். அவர் இவ்வியக்கத்தை வலதுசாரித் தேநீர் விருந்து இயக்கத்துடன் ஒப்பிட்டார். பின்னது தேர்தலில் நுழைந்து, 2010 இல் குடியரசுக் கட்சி கீழவையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பெறத் துணைநின்றது. முன்னது தன் வழிமுறையையே குறிக்கோளாக எண்ணி மயங்கியது என்பது அவர் முடிவு. இவ்வொப்பீடு முழுதும் நேரானதன்று. தேநீர் விருந்து இயக்கத்திற்குச் செல்வந்தர்களின் நிதியும் தொலைக்காட்சி ஆதரவும் இருந்தன.

இங்கு பழைய கட்டுரை ஒன்றும் மீண்டும் படிக்கப்பட்டது. பெண்ணியர் ஜோ பிரீமன் 1970களின் தொடக்கத்தில் எழுதிய "கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை" என்பதே அது. தலைவர் இல்லை என்று அறிவிக்கும் குழுவிலும் தலைவர்கள் தோன்றுவர். அறிவிக்கப்படாதவர்கள் என்பதால் அவர்களைக் கேள்வி கேட்கவோ நீக்கவோ முடியாது என்பது அதன் சாரம். இரவு முழுவதும் நீளும் கூட்டங்களில் அமர நேரமும் வசதியும் உடையோரின் குரலே மேலோங்கியது என்ற முறையீடு இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 மே நாள் பேரணியில் நடத்திய கணக்கெடுப்பிலும் வெள்ளையரும் பட்டதாரிகளும் நகர மக்கள்தொகையில் உள்ள விகிதத்தைவிட மிகுதியாகக் காணப்பட்டனர். தொல்குடி மக்கள் சிலர் "கைப்பற்றுவோம்" என்ற சொல்லையே ஏற்கவில்லை. மன்ஹாட்டன் ஏற்கனவே தம்மிடமிருந்து கைப்பற்றப்பட்ட நிலம் என்றனர்.

ஆட்சியாளர், அரசியலாளர் கருத்துகள்

அமெரிக்க நடுவண் வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, நிதித்துறையின்மீது மக்கள் கொண்ட சினத்திற்காக அவர்களைக் குறைகூற முடியாது என்று நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, மக்களின் மனக்கசப்பையே இப்போராட்டம் வெளிப்படுத்துகிறது என்றார். எனினும் வலிமையான நிதித்துறை நாட்டுக்குத் தேவை என்றும் சேர்த்துக்கொண்டார். குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி இதனை வர்க்கப் போர் என்றார். எரிக் கேன்டர் கும்பல் என்றார். ஹெர்மன் கெய்ன் வேலையும் செல்வமும் இல்லாதோர் தம்மையே நொந்துகொள்ளட்டும் என்றார். நகர முதல்வர் மைக்கேல் புளூம்பெர்க், நகருக்கு வரி ஈட்டித்தரும் துறையின் வேலைகளை இவர்கள் பறிக்க முயல்கின்றனர் எனக் குறைகூறினார்.

பூங்காவிலிருந்து வெளியேற்றம்

சுக்கோட்டி பூங்கா தனியார் உடைமையாகும். 1968 இல் அருகிலுள்ள கட்டடத்தை உயர்த்திக்கட்ட இசைவு பெறுவதற்கு ஈடாக இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நகரப் பூங்காக்கள் இரவில் மூடப்படும். இதுவோ 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். முற்றுகை நிலைத்து நின்றதற்கு இவ்விதியே காரணம். நவம்பர் 15 அன்று நள்ளிரவுக்குப் பின் காவல்துறை பூங்காவைக் காலி செய்தது. ஏறத்தாழ 200 பேர் கைது செய்யப்பட்டனர். தூய்மை, தீப் பாதுகாப்பு ஆகியவற்றை நகர நிர்வாகம் காரணம் காட்டியது. பேச்சுரிமை கூடாரமிட்டுத் தங்கும் உரிமையை உள்ளடக்காது என நீதிமன்றமும் அன்றே கூறியது. எனினும் 5,000க்கும் மேற்பட்ட நூல்கள் கொண்டிருந்த மக்கள் நூலகம் அகற்றப்பட்டு, பல நூல்கள் அழிந்தமைக்காக நகர நிர்வாகம் 2013 இல் 47,000 டாலர் இழப்பீடு வழங்க நேர்ந்தது.

வெளியேற்றத்திற்குப் பின் வன்முறை குறித்த பிளவு பெரிதாயிற்று. முகமூடி அணிந்து கண்ணாடிகளை உடைக்கும் கருப்பு அணியினரை எழுத்தாளர் கிறிசு எட்சசு 2012 பிப்ரவரியில் இயக்கத்தின் புற்றுநோய் என்றார். அத்தகைய சொல்லாட்சியே காவல்துறை வன்முறைக்கு இடமளிக்கும் எனக் கிரேபர் மறுத்தெழுதினார். தலைவரற்ற இயக்கத்தில் ஒரு செயலை "இது எங்களுடையதன்று" என்று மறுத்துரைக்கும் தகுதி எவருக்கு உண்டு என்பதே இவ்விவாதத்தில் விடை காணப்படாத வினா.

விளைவுகள் பற்றிய மதிப்பீடு

இப்போராட்டத்தின் நேர்விளைவாக அமெரிக்க நடுவண் அரசு இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. அழைப்பை விடுத்தோருள் ஒருவரான மைக்கா வைட், 2016 இல் எழுதிய நூலில் இதனை ஆக்கபூர்வமான தோல்வி என்றே குறிப்பிட்டார். சமூகவியலாளர் செய்னெப் துபெக்சி 2017 இல் வெளிவந்த நூலில், இணையத்தின் துணையால் விரைந்து திரளும் கூட்டங்கள் கூடி முடிவெடுக்கும் திறனைப் பெறுவதற்கு முன்பே உச்சத்தை அடைந்துவிடுவதால், சூழல் மாறும்போது உத்தியை மாற்ற இயலாமல் உறைந்துவிடுகின்றன என விளக்கினார்.

மறுபுறம், 1 விழுக்காடு என்ற சொல் அமெரிக்க அரசியல் பேச்சில் நிலைபெற்றது. 2016 தேர்தலில் பெர்னி சாண்டர்சின் பரப்புரை அதனைச் சுற்றியே அமைந்தது. பங்கேற்றோர் பின்னர் தொடங்கிய முயற்சிகளும் உள்ளன. 2012 நவம்பரில் தொடங்கிய ஒரு திட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் டாலர் நன்கொடையைக் கொண்டு, வசூலிப்போர் சந்தையில் அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்ட 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட தனியார் கடனை வாங்கித் தள்ளுபடி செய்தது. இதன் வழிவந்த கடனாளர் சங்கம் மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரி மாணவர்களைத் திரட்டியது. 2022 இல் அமெரிக்கக் கல்வித் துறை அவர்களுள் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை நீக்கியது. இச்சங்கம் உறுப்பினர், பொறுப்பாளர், தெளிவான கோரிக்கை ஆகிய மூன்றையும் கொண்டது என்பதால் இரு தரப்பினரும் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

எசுப்பானியாவில் 2011 மே 15 அன்று தொடங்கிய சதுக்கப் போராட்டங்களும் தலைவரற்றவையே. அவற்றின் உணர்வலையில் 2014 இல் பொதேமோசு கட்சி தோன்றி, அவ்வாண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஐந்து இடங்களையும், 2020 இல் கூட்டணி ஆட்சியில் பங்கையும் பெற்றது. ஆனால் அக்கட்சியின் முதல் வாக்குச்சீட்டில் தலைவர் பாப்லோ இக்லேசியாசின் முகமே சின்னமாக அச்சிடப்பட்டிருந்தது. சதுக்கத்தில் இருந்தோர் பலர் இதனைத் துரோகம் என்றனர்.

பிரான்சில் 2018 நவம்பர் 17 அன்று எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராகத் தொடங்கிய மஞ்சள் மேலங்கிப் போராட்டம் வேறு வகையில் கருதத்தக்கது. அங்கு கோரிக்கை இருந்தது, தலைவர் இல்லை. அரசுடன் பேச முன்வந்த சிலருக்கு இயக்கத்தினரிடமிருந்தே மிரட்டல்கள் வந்தன. பேச்சுவார்த்தை நடைபெறாமலே டிசம்பர் முதல் வாரத்தில் வரி உயர்வு கைவிடப்பட்டது. சில நாள்களில் குறைந்தபட்ச ஊதியம் பெறுவோருக்கு மாதம் 100 யூரோ உயர்வும் அறிவிக்கப்பட்டது. 2019 மே மாத ஐரோப்பியத் தேர்தலில் மஞ்சள் மேலங்கியின் பெயரால் நின்ற பட்டியல்கள் ஒவ்வொன்றும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளையே பெற்றன.