ஈரம் பார்க்கும் பெட்டி

காவிரி டெல்டாவில் குறுவை முடிந்ததும் நெல்லின் தலையெழுத்தை எழுதுவது கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் மேசையில் அது இருக்கும். அம்பாரத்திலிருந்து எடுத்த ஒரு பிடி நெல்லை அதன் குவளையில் கொட்டிப் பொத்தானை அழுத்தினால், ஈரம் எத்தனை சதவீதம் என்று ஓர் எண் தெரியும். 17-க்குள் இருந்தால் நெல் தராசுக்குப் போகும். தாண்டினால் திரும்பவும் களத்துக்கு. டெல்டாக்காரர்கள் அதை மாய்ஸ்சர் மீட்டர் என்பார்கள். அது இந்த மேசைக்கு வந்து சேர்ந்த வழி நெடியது.

அது வருவதற்கு முன்பும் ஈரம் பார்க்கத்தான் செய்தார்கள். நெல்லைப் பல்லில் கடிப்பார்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். கைதேர்ந்த வியாபாரியின் பல் பெரும்பாலும் பொய் சொல்லாது. ஆனால் அவர் வாய் சொல்லும் விலையும் அந்தப் பல்லை வைத்துத்தான் என்பதால், விற்பவருக்கு எதிர்த்துப் பேச ஆதாரம் இல்லை.

அமெரிக்கக் கோதுமைச் சந்தையிலும் இதே வழக்குதான். 1907-இல் அங்கே பிரவுன், டுவெல் என்ற இருவர் தானியத்தை எண்ணெயில் இட்டுக் காய்ச்சி, வெளியேறும் ஆவியைக் குளிரவைத்து நீரை அளந்தார்கள். சரியான முறைதான். ஆனால் வண்டி வண்டியாக வந்து நிற்கும் தானியத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்த ஆண்டே அமெரிக்க வேளாண் துறையில் இருந்த லைமன் பிரிக்ஸ் என்ற இயற்பியலாளர் வேறு வழியில் போனார். கோதுமைக்குள் இரண்டு மின்முனைகளைச் செருகி மின்தடையை அளந்தார். 13 சதவீத ஈரமுள்ள கோதுமையின் தடை, 14 சதவீதக் கோதுமையைவிட ஏழு மடங்கு. 15 சதவீதக் கோதுமையைவிட 50 மடங்கு. ஒரே ஒரு சதவீத ஈரத்தை மின்சாரம் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் என்றால் பல்லுக்கு இனி என்ன வேலை? (இதே பிரிக்ஸைத்தான் 1939-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் யுரேனியம் குழுவுக்குத் தலைவராக்கினார். அணுகுண்டுக்கு இட்டுச்சென்ற பாதை அந்தக் குழுவில் தொடங்கியது. கோதுமையோடு நின்றிருக்கலாம்.)

மின்தடைக் கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது மணியின் மேல்தோலைத்தான் அதிகம் நம்பும். வெயிலில் இப்போதுதான் அள்ளிய நெல் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். கருவி குறைத்துச் சொல்லும். பனியில் நனைந்த நெல்லுக்குக் கூட்டிச் சொல்லும். ஆகவே மின்தேக்கு முறை வந்தது. நீரின் மின்காப்பு எண் சுமார் 80. உலர்ந்த தானியத்துக்கு அது மிகக் குறைவு. இரண்டு தகடுகளுக்கு நடுவே நெல்லைக் கொட்டினால் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது அந்த வேறுபாட்டில் தெரிந்துவிடும். அமெரிக்க அரசு 1963-இல் இந்த வகைக் கருவியை அதிகாரபூர்வமாக ஏற்றது. வெப்பநிலை, தானிய வகை, குவளையில் எவ்வளவு இறுக்கமாக நிரப்புகிறோம் என்பவை இதையும் ஏமாற்றும். கொஞ்சம் குறைவாக ஏமாறும், அவ்வளவுதான்.

தஞ்சைக்கு இந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது? தை வெயிலில் சம்பா அறுத்த காலத்தில் ஈரம் பெரிய பேச்சாக இல்லை. 1965-இல் ஆடுதுறை 27 வந்தது. குறுகிய கால நெல், கூடுதல் விளைச்சல். ஆனால் குறுவையாக நட்டால் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நின்றது. நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற தவிப்பில் 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் தொடங்கினார்கள். அது வளர்ந்து, பெயர்கள் பல மாறி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அந்தப் பெரிய நிறுவனத்துக்கு விதை ஈர நெல்தான்.

ஈரமாக மூட்டை கட்டினால் நெல் சும்மா இருப்பதில்லை. அது உயிருள்ள விதை. மூச்சு விடுகிறது, சூடு கிளம்புகிறது, அந்தச் சூட்டில் பூஞ்சை பிடிக்கிறது, அரிசி பழுப்பேறுகிறது, மழை தொட்டால் முளை விடுகிறது. நன்றாகக் காய்ந்த மணி மறுபடி நனைந்தாலோ உள்ளே விரிசல் விட்டு ஆலையில் நொய்யாக விழும். எனவே 17 என்ற வரம்பு வீம்புக்கு வைத்த எண் அல்ல. சேமிப்புக்கு 14-க்குக் கீழே இருப்பதுதான் நல்லது.

ஆனால் வானம் வரம்பு பார்த்துப் பெய்வதில்லை. மழை பெய்யும்போதெல்லாம் தளர்வு கேட்டுச் சென்னை டெல்லிக்கு எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் போய் உத்தரவு வருவதற்குள் சாலையோரத்து நெல் தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டிருக்கும்.

என் குறை இதுதான்: இந்தக் கருவி தப்பான முனையில் உட்கார்ந்திருக்கிறது. 22 சதவீத ஈரமுள்ள 40 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 2.4 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்த வேலையைக் கருவி செய்யாது. செய்தாயிற்றா என்று மட்டும் கேட்கும். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை பேசும் முன்பே வயலில் ஒரு பிடி உருவி அளந்திருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாமா என்று தெரிந்திருக்கும். உலர்த்தும் இயந்திரத்தில் இந்தக் கருவி இருந்தால் சரியான எண்ணில் வெப்பத்தை நிறுத்தும். டீசலும் மிச்சம், நொய்யும் குறைவு. தானியம் சேமிக்கும் சிலோக்களில் மேலிருந்து கீழாக வெப்பமானிக் கம்பிகளைத் தொங்கவிட்டு, சூடு ஏறும் இடத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள். விவசாயியின் களத்துக்கு மட்டும் இந்த அறிவு போய்ச் சேரவில்லை.

கருவி இல்லையென்றாலும் வீட்டில் ஒரு சோதனை உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல், அதோடு இரண்டு மூன்று கரண்டி ஈரமில்லாத தூள் உப்பு. மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் சுமார் 15-க்கு மேல். ஒட்டாவிட்டால் தைரியமாக மூட்டையை ஏற்றலாம். ஒட்டினால் 16-ஆ 20-ஆ என்று உப்பு சொல்லாது. அதற்குப் பெட்டிதான் வேண்டும்.

ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் இரண்டு மாய்ஸ்சர் மீட்டர் வாங்கி வையுங்கள். அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து யார் கேட்டாலும் காசு வாங்காமல் அளந்து கொடுங்கள். அருகே ஓர் உலர்த்தும் இயந்திரமும் இருக்கட்டும்.