ஏற்றக்கோணமும் முப்பரிமாண அளவையும்

ஏற்றக்கோணம் என்பது நோக்குவோனின் கண்மட்டத்திற்கும், உயர்ந்ததொரு பொருளின் உச்சியை நோக்கிச் செல்லும் பார்வைக் கோட்டிற்கும் இடையே அமைவது. கிட்ட நெருங்கவியலாத சிகரங்களை எட்ட நின்றே அளக்கும் முயற்சி புராதனமானது. கி.பி. 263-இல் சீனத்து லியூ ஹூய் இரு கம்பங்களைக் கொண்டு கடல்தீவொன்றின் உயரத்தைக் கணிக்கும் வழியை விளக்கினார். 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையை அளந்தார். ஆயினும் இம்முறைகளில் நோக்கிடங்கள் இரண்டும் சிகரத்தோடு ஒரே செங்குத்துத் தளத்தில் அமைதல் வேண்டும். ஆறும் அடவியும் குறுக்கிடும் பிரதேசங்களில் அத்தகைய நேர்கோடு வாய்ப்பது அரிது.

இந்நிபந்தனையைத் தளர்த்துவதே முப்பரிமாண முறையின் சாரம். நீளம் அறிந்த அடிக்கோட்டின் இரு முனைகளினின்றும் சிகரத்தின் திசைக்கோணங்களை அளந்து, கிடைத்தள முக்கோணத்தைச் சைன் விதியால் தீர்த்து, சிகரத்தின் நேர்கீழ்ப் புள்ளி வரையுள்ள தூரத்தைப் பெற்று, அத்தூரத்தை ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் நோக்கிடத்திற்கு மேலுள்ள உயரம் கிடைக்கும். படுத்த முக்கோணத்தையும் நிமிர்ந்த முக்கோணத்தையும் ஒரே தாளில் வரைய நேர்வதால் அவற்றை ஒரே தளத்தனவாக மயங்குவதே மாணாக்கர் இடறும் இடம். கணக்கில் வேறு கடினம் அதிகமில்லை.

இம்முறையின் மகத்தான பிரயோகம் சென்னையில் தொடங்கியது. 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவி, 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றப்படுகையில் மோதிச் சிதைவுற, அவரே அதனைச் செப்பனிட்டார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்டின் தலைமையில், அவ்வடிக்கோட்டினின்று தொடர்ந்த முக்கோணங்களின் தொடர் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது.

நேபாளம் உள்ளே நுழைய அனுமதி மறுத்தமையால், பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர்பெற்ற பதினைந்தாம் சிகரத்தை 1849-இல் நூறு மைலுக்கு அப்பாலுள்ள சமவெளியினின்றே நோக்க நேர்ந்தது. அத்தொலைவில் பூமியின் வளைவு மட்டுமே சுமார் 6,600 அடியை மறைத்துவிடும்; காற்றடுக்குகளில் வளைந்து வரும் ஒளியோ சிகரத்தை உள்ளதினும் உயர்த்திக் காட்டும். இவ்விரு பிழைகளையும் நீக்கும் கணிப்பில் வங்காளத்து ராதாநாத் சிக்தார் முக்கியப் பங்கு கொண்டார். அதுவே உலகின் மிக உயர்ந்த சிகரம் என்று அவர் மேலதிகாரியிடம் ஓடோடிச் சென்று சொன்னதாக வழங்கும் கதைக்கு ஆதாரம் போதாது. 29,002 அடி என்னும் முடிவு 1856-இல் அறிவிக்கப்பட்டது. நேபாளமும் சீனமும் 2020-இல் கூட்டாக அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி; செயற்கைக்கோள் கருவிகள் சிகரத்தின்மீதே வைக்கப்பட்ட அவ்வளவையிலும் ஏற்றக்கோணங்களை அளக்கும் பழைய முறை கைவிடப்படவில்லை.