மணலில் போட்ட கடைக்கால்

இங்கிலாந்துக் கிராமங்களில் தேவாலயத்தை அடுத்துச் சிறு பள்ளிக் கட்டடம் ஒன்று நிற்பதுண்டு. அவற்றில் பலவற்றுக்குக் கடைக்கால் நம் சென்னை மணல்தான் என்றால் நம்புவீர்களா?

1789-ல் எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு சிறுவனையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்.

சட்டாம்பிள்ளை நமக்குப் பழையவன். 1797-ல் பெல் லண்டனில் நூல் வெளியிட்டதும், அங்கே அது 'மதராஸ் முறை' ஆயிற்று. 1811-ல் தோன்றிய திருச்சபையின் தேசியச் சங்கம் அம்முறையில் ஊர் ஊராகப் பள்ளி வைத்தது.

1832-ல் மறைந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கல்லறை கிடைத்தது. திண்ணை வாத்தியாருக்குக் கிடைத்தது மணல்தான். அதில் எழுதிய பெயர் நிற்குமா?